1 நிமிடம் 45 விநாடியிலிருந்து 5 நிமிடம்: ஸ்லாப் பேஸில் கை தளராமல் வாசிக்கப் பழகிய அனுபவம்

ஆடி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, சேலம் அம்மாபேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மாடி அறையில், தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்திற்கு 100 தட்டு என்று வைத்துக்கொண்டு, பேஸ் கிட்டாரில் ஒரே ஒரு ஸ்லாப் அமைப்பை (தந்தியைக் கட்டைவிரலால் அடித்தும் விரலால் இழுத்துவிட்டும் வாசிப்பது) எவ்வளவு நேரம் நிறுத்தாமல் வாசிக்க முடிகிறது என்று அளந்து பார்த்தேன். 1 நிமிடம் 45 விநாடியில் கை நின்றுவிட்டது. முன்கை கட்டைபோல் இறுகியிருந்தது. பாப் ஓசைகள், அதாவது இழுத்துவிடும் ஓசைகள், ஒவ்வொன்றாக விடுபடத் தொடங்கி, கடைசிப் பத்து விநாடிகளில் தாளமும் பின்வாங்கிவிட்டது.

அந்த அமைப்பு எளிமையானதுதான். ஈ (E) தந்தியை 5ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் ஐந்தாவது) இடது கையால் அழுத்தி, வலது கட்டைவிரலால் ஓர் அடி, டி (D) தந்தியின் 7ஆம் ஃப்ரெட்டில் அதே சுரத்தின் மேல் ஸ்தாயியைச் சுட்டுவிரலால் இழுத்துவிடும் பாப், அடுத்து இடது கையைச் சற்றே தளர்த்தித் தந்தியை அடக்கிக்கொண்டு இன்னோர் அடி, இன்னொரு பாப். ஒரு தட்டுக்கு நான்கு ஓசை என்பதால் நிமிடத்திற்கு 400 ஓசை வருகிறது. எங்கள் நால்வர் குழு மார்கழியில் ஏற்காட்டில் ஒரு நண்பரின் வீட்டு விழாவில் வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தது. அதில் ஓர் உருப்படி ஏறத்தாழ ஐந்து நிமிடம் முழுக்க முழுக்க இந்த அமைப்பின்மேல் நிற்கிறது. ஒரு கிட்டார், ஒரு கீபோர்டு, ஒரு பாடகர், நான் என்பதே குழு, டிரம்ஸ் கிடையாது. நான் தளர்ந்தால் பாட்டுக்கு அடித்தளமே இல்லாமல் போய்விடும்.

இந்த வாசிப்பு முறை பிறந்ததே டிரம்ஸ் இல்லாத ஒரு நிலைமையில்தான் என்பதை அப்போது அடிக்கடி நினைத்துக்கொண்டேன். 1960களில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தம் தாயாருடன் சேர்ந்து வாசித்துவந்த பேஸ் கலைஞர் லாரி கிரகாம், உடன் டிரம்ஸ் வாசிப்பவர் இல்லாமல் போனபோது, பாஸ் டிரம்மின் இடத்தைக் கட்டைவிரல் அடியாலும் ஸ்நேர் டிரம்மின் இடத்தை விரலால் தந்தியை இழுத்துவிடுவதாலும் நிரப்பத் தொடங்கினார். பிறகு ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவில் அவர் அப்படி வாசித்ததைக் கேட்டுத்தான் உலகம் இதைக் கற்றுக்கொண்டது. ஆகவே ஸ்லாப் வாசிப்பவரின் கை ஒரு தாளக் கருவிக்காரரின் கை என்று கொள்வதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த எண்ணம் பின்னால் எனக்குப் பெரிதும் உதவியது.

முதல் மூன்று வாரங்களை நான் தவறான வழியில் செலவழித்தேன். நேரம் போதவில்லை என்றால் பலம் போதவில்லை என்று பொருள் என்று எண்ணி, நாள்தோறும் இரவில் ஒன்றரை மணி நேரம், வலித்தாலும் நிறுத்தாமல் வாசித்தேன். பகலில் நூல் கடையில் கணக்கு எழுதும்போதும் ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அளவு 1 நிமிடம் 45 விநாடியிலிருந்து 2 நிமிடம் 5 விநாடிக்கு ஏறியது. அதே வேகத்தில் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய பக்கத்தில் ஒரு வலியும் ஏறியது. காலையில் தண்ணீர்க் குழாயைத் திருகும்போது அது சுரீர் என்று தைத்தது. இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் போனேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். சற்றே வலித்தது. கட்டைவிரலை விரிக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன என்றும், ஓயாமல் உரசும்போது அந்த உறை தடித்து வலிக்கும் என்றும் விளக்கினார். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டி குவெர்வைன் என்ற அறுவை மருத்துவர் 1895இல் விவரித்த அந்தக் கோளாறு எனக்கு இன்னும் முற்றவில்லை என்றும் சொல்லி, பத்து நாள் கருவியைத் தொடக் கூடாது என்றார். தொடவில்லை.

அந்தப் பத்து நாளில்தான் கண் திறந்தது. எங்கள் தெருவில் தவில் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சிறு வயது முதல் அவரைப் பெரியப்பா என்றே அழைத்து வருகிறேன். கோயில் ஊர்வலங்களில் மணிக்கணக்கில் வாசிப்பவர். வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, இடது கையில் கழியைப் பிடித்து அவர் வாசிக்கும்போது தோள் இருக்கும் இடத்திலேயே இருக்கும். நான் பழைய நாட்களில் வாசித்த காணொளி ஒன்றைக் கைப்பேசியில் அவரிடம் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார்.

"அடிக்கறதுக்கும் பலம் செலவு பண்றே, தூக்கறதுக்கும் செலவு பண்றே, கண்ணு. தூக்கற வேலைய தோலு பாத்துக்கும். விட்டுடு" என்றார்.

"எனக்குத் தோலு இல்லீங்களே பெரியப்பா, கம்பிதானே இருக்குது?"

"கம்பியும் இழுத்துக் கட்டுனதுதானே?"

வலி முற்றாக அடங்கிய பிறகு, கைப்பேசியில் மெதுவாக ஓடும் காணொளியாக என் வலது கையைப் பதிவு செய்தேன். பார்த்தது எனக்கே வியப்பாக இருந்தது. கட்டைவிரலின் எலும்புப் பக்கம் ஃப்ரெட்போர்டின் கடைசி ஃப்ரெட்டின் மேல் தந்தியை மோதுகிறது. மோதிய பிறகு அது உடனே திரும்பாமல், தந்தியின் மேல் ஒரு கணம் அழுந்திக் கிடக்கிறது. தந்தி அதிர முயல்கிறது, என் விரலே அதை அடக்குகிறது. பிறகு கட்டைவிரலின் தசைகள் தனியாக வேலை செய்து விரலைத் தந்தியிலிருந்து பிடுங்கி எடுக்கின்றன. எடுத்த கை ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் உயரம் போய், அங்கிருந்து மறுபடி இறங்குகிறது. நிமிடத்திற்கு 200 முறை கட்டைவிரல் இந்தத் தேவையற்ற பயணத்தைச் செய்துகொண்டிருந்தது. வலித்த இடமும் அதே தசைநாண்களின் இடம்தான்.

மாற்றம் இரண்டு செயல்களில் அடங்கியது. முதலாவது, அடியைக் கட்டைவிரலிலிருந்து எடுத்து முன்கையின் சுழற்சியில் வைத்தது. பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல முன்கை சுழல வேண்டும். கட்டைவிரல் அசையாமல் அதோடு சேர்ந்து போக வேண்டும். சுழற்சியின் இறங்குமுகத்தில் அடி விழுகிறது, ஏறுமுகத்தில் சுட்டுவிரல் டி தந்தியைக் கொக்கிபோல் பிடித்து இழுத்துவிடுகிறது. இரண்டு ஓசைக்கும் ஒரே அசைவு. இரண்டாவது, தந்தி தள்ளும்போது அந்தத் தள்ளலுக்கு இடம் கொடுத்தது. இது சொல்வதற்கு எளிது, பழகுவதற்கு ஐந்து வாரம் ஆனது. வேகத்தை 60 தட்டுக்கு இறக்கி, தனியே ஈ தந்தியை மட்டும் அடித்து, ஒவ்வோர் அடிக்குப் பிறகும் ஓசை முழுமையாக நீள்கிறதா என்று செவியால் சோதித்தேன். ஓசை குட்டையாக முடிந்தால் விரல் தங்கிவிட்டது என்று பொருள். கட்டைவிரலை அடுத்த தந்திவரை ஓடவிட்டு அங்கே நிறுத்தும் முறையும் உண்டு. விக்டர் வூட்டன் போன்ற பேஸ் கலைஞர்கள் அங்கிருந்து திரும்பும்போதும் ஓர் ஓசை எடுக்கிறார்கள். அது என் தேவைக்கு அதிகம் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

கருவியிலும் சில மாற்றங்கள் செய்தேன். 12ஆம் ஃப்ரெட்டில் ஈ தந்தியின் உயரம் 2.8 மில்லிமீட்டராக இருந்ததை 2.2க்கு இறக்கினேன். 45–105 என்ற தடிமன் எண் கொண்ட தந்தித் தொகுப்பை எடுத்துவிட்டு, ஒரு படி மெல்லிய 40–100 தொகுப்பைப் போட்டேன். ஸ்ட்ராப்பை ஒரு சாண் சுருக்கி, உட்கார்ந்து வாசிக்கும்போதும் நின்று வாசிக்கும்போதும் கருவி ஒரே உயரத்தில் இருக்கும்படி செய்தேன். மூன்றிலும் கடைசியானதே எனக்கு அதிகப் பயன் தந்தது, ஏனெனில் கருவி தாழ்ந்து தொங்கும்போது மணிக்கட்டு மடிந்துகொள்கிறது, மடிந்த மணிக்கட்டுடன் முன்கை தடையின்றிச் சுழல்வதில்லை.

புரட்டாசியில் மறுபடி 100 தட்டில் அளந்தேன். பயிற்சி நேரத்தை நாளுக்கு 25 நிமிடமாகக் குறைத்திருந்தேன். 30 விநாடி வாசிப்பு, 30 விநாடி ஓய்வு என்று தொடங்கி, வாசிப்பை மட்டும் வாரத்திற்கு 10 விநாடி கூட்டிவந்தேன். அளவு 3 நிமிடம் 20 விநாடி. மகிழ்ச்சியாக இருந்தது, ஆனால் அடுத்த மூன்று வாரம் அந்த 3 நிமிடம் 20 விநாடி அசையவே இல்லை. வலது கை நன்றாகவே இருந்தது. நின்றது இடது கை என்பதை உணரவே எனக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது. வலது கை சத்தமாக வேலை செய்யும்போது இடது கையின் மேல் யாருக்கும் கவனம் போவதில்லை; எனக்கும் போகவில்லை. அடக்கும் ஓசைக்காகத் தளர்த்தும்போதெல்லாம், திரும்ப அழுத்துகையில் தேவையைவிட இரண்டு மடங்கு அழுத்தினேன். கட்டைவிரல் கருவியின் கழுத்தின் பின்புறத்தை இடுக்கிபோல் கவ்வியிருந்தது. சுரம் கரகரக்கும் அளவுக்குத் தளர்த்தி, கரகரப்பு நிற்கும் இடம்வரை மட்டும் அழுத்துவது என்று ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் ஒதுக்கினேன். சில நாள் பின்புறத்திலிருந்து கட்டைவிரலை முற்றிலும் எடுத்துவிட்டு வாசித்தேன்.

இதற்குப் பிறகும் ஒரு தடை இருந்தது. மூன்றாவது நிமிடத்துக்கு மேல் நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன் என்பதை எங்கள் பாடகர் கவனித்துச் சொன்னார். மூச்சு நின்றால் தோள் ஏறுகிறது, தோள் ஏறினால் முன்கையும் இறுகுகிறது. பெரியப்பாவின் மாணவர்கள் வாயால் சொல்லிப் பழகுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு மருந்து வீட்டுப் பக்கத்திலேயே இருந்தது: நான்கு ஓசைக்கும் "தகதிமி, தகதிமி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசித்தேன். சொல்லிக்கொண்டிருப்பவர் மூச்சை அடக்க முடியாது. எட்டுத் தட்டுக்கு ஒருமுறை மூச்சு எடுக்க இடம் விட்டேன். பக்கத்து வீட்டு விசைத்தறிகளின் சத்தம் கீழிருந்து வந்துகொண்டே இருப்பதால் என் குரல் யாருக்கும் தொந்தரவாக இல்லை. ஐப்பசி கடைசியில் 4 நிமிடம் 30 விநாடி. கார்த்திகை இரண்டாம் வாரத்தில் முதன்முறையாக ஐந்து நிமிடம் தாண்டினேன். அன்று நிறுத்தியதும் கையை உதற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மார்கழியில் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கருவியை மடியில் வைத்துக்கொண்டே சென்றேன். சேலத்தில் விசிறி போட்டுக்கொண்டு பழகிய கைகளுக்கு, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மாலை ஐந்து மணிக்கு இறங்கும் குளிர் வேறோர் உலகம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருந்த காபித் தோட்டத்தின் நடுவில், வீட்டுத் திண்ணையில் எங்கள் மேடை. சுருதி சற்று ஏறியிருந்தது. அதைச் சரிசெய்வது எளிது. விரல்கள்தான் விறைத்துக்கொண்டன. ஒத்திகையில் 100 தட்டில் இரண்டாவது நிமிடத்திலேயே பாப் ஓசைகள் மழுங்கின. ஆடி மாதம் திரும்பி வந்துவிட்டதோ என்று மனம் கலங்கியது. ஐந்து மாதத்தில் நான் கை சூடேறுவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை, ஏனெனில் சேலத்தில் அதற்குத் தேவையே வரவில்லை. அந்த வீட்டு அம்மா கொடுத்த காபித் தம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அது ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் 60, 70, 80 என்று பதினைந்து நிமிடம் மெல்ல ஏற்றினேன். எங்கள் முறை வரும்வரை கைகளைச் சால்வைக்குள் வைத்திருந்தேன்.

உருப்படி 4 நிமிடம் 50 விநாடி ஓடியது. நான்காவது நிமிடத்தில் பாடகர் வேகத்தைச் சற்று ஏற்றிவிட்டார்; உதட்டுக்குள் தகதிமி சொல்லிக்கொண்டே பின்தொடர்ந்தேன், கை வந்தது. பதிவைக் கேட்டபோது கடைசி அரை நிமிடத்தில் அடக்கிய ஓசைகள் தெளிவில்லாமல் இருப்பது தெரிந்தது. அது இடது கையின் குறை.

இப்போது கட்டைவிரலின் பக்கத்தில் சிறு காய்ப்பு இருக்கிறது; மணிக்கட்டில் வலி இல்லை. நேற்று இரவு பதிவேட்டில் எழுதியது: 104 தட்டு, 4 நிமிடம் 10 விநாடி, பத்து நிமிடம் கை சூடேற்றிய பிறகு, மூன்றாவது நிமிடத்தில் இடது கட்டைவிரல் மறுபடி கவ்வியது.