1907 பயோனெட்: முத்திரையைப் படிப்பதிலிருந்து மெழுகு பூசுவது வரை

ரைபிள் முனையில் மாட்டும் கத்திதான் பயோனெட். பழையது ஒன்று கைக்கு வந்ததுமே உப்புத்தாளைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து வேண்டாம். எந்தத் தொழிற்சாலை, எந்த மாதம், எந்தப் படைப்பிரிவு என்ற விவரமெல்லாம் இரும்பின் மேல்தோலில் மெல்லிசாக அடிக்கப்பட்டிருக்கும். பத்து நிமிடத் தேய்ப்பில் அத்தனையும் போய்விடும். அதனால் நான் முதலில் படிப்பேன், பிறகுதான் துருவைத் தொடுவேன், மெழுகு கடைசியில். சேகரிப்பாளர்களிடம் அதிகம் புழங்கும் பிரிட்டிஷ் 1907 மாடலை வைத்தே சொல்கிறேன்.

லீ-என்ஃபீல்ட் எஸ்.எம்.எல்.இ. ரைபிளுக்காக, ஜப்பானின் டைப் 30 பயோனெட்டைப் பார்த்து உருவாக்கியது இது. அலகு மட்டும் 17 அங்குலம். பிடியை ஒட்டிய தட்டையான பகுதியில் கிரீடமும் அரசரின் பெயரெழுத்துகளும், அதற்கடுத்து 1907 என்றும் இருக்கும். இதைத் தயாரிப்பு ஆண்டாக எடுத்துக்கொண்டு விற்பவர்களும் உண்டு, வாங்குபவர்களும் உண்டு. அது மாடலின் ஆண்டு. தயாரான தேதி அதற்குப் பக்கத்தில் சின்னதாக, மாதமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமுமாக இருக்கும். 5 17 என்றால் 1917 மே. கூடவே தயாரித்தவர் பெயர்: வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன், மோல், விக்கர்ஸ், ரெமிங்டன். இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலை என்றால் ஆர்.எஃப்.ஐ. என்று இருக்கும். மறுபக்கம் அரசு உடைமையைக் காட்டும் அகன்ற அம்புக்குறி, கிரீடத்தோடு சேர்ந்த பரிசோதகர் முத்திரைகள், அலகை வளைத்துச் சோதித்ததற்கான பெருக்கல் குறி. படைப்பிரிவின் குறி இருந்தால் பெரும்பாலும் பிடியின் கடைசி உலோகப் பகுதியில் இருக்கும்.

முத்திரை மங்கலாக இருந்தால் சுரண்டக் கூடாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சை அலகோடு படுக்கவைத்தாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அப்படியும் தெரியாவிட்டால் சாக்பீஸை லேசாகத் தேய்த்து விரலால் துடையுங்கள். வெள்ளை பள்ளத்தில் மட்டும் தங்கும். அந்த நிலையிலேயே படம் எடுத்துவிடுவது நல்லது.

போலியைப் பிடிப்பதும் இதே வெளிச்சத்தில்தான். அசல் முத்திரை துருவுக்கு முன்பே அடிக்கப்பட்டது. ஆகவே துருக்குழி எழுத்தின் ஓரத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும். குழிகளின் மேலே ஓரம் கூர்மையாக, உள்ளே பளிச்சென்று எழுத்து நின்றால் அது பிற்பாடு அடித்தது. ஆரம்பகால 1907-களில் அலகுக்கும் பிடிக்கும் நடுவில் இருக்கும் குறுக்குக் காப்பின் கீழ்முனை கொக்கிபோல் வளைந்திருக்கும். 1913-இல் அதைக் கைவிட்டார்கள். ஏற்கெனவே இருந்த பலவற்றிலும் வெட்டி எடுத்தார்கள். கொக்கி உள்ளதற்கு விலை பல மடங்கு என்பதால் வெல்டிங் வைத்து ஒட்டிய கொக்கிகளும் சந்தையில் உண்டு. இணைப்பு இடத்தில் உலோகத்தின் நிறம் மாறுகிறதா, அரம் போட்ட கீறல் இருக்கிறதா என்று லூப் எனும் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பிடியின் கடைப்பகுதியில் அழுக்கு வெளியேறுவதற்கான துளை 1916-இல் வந்தது. அந்தத் துளையும் கொக்கியும் ஒன்றாக இருந்தால் நான் இரண்டு மடங்கு கவனமாகப் பார்ப்பேன். ரெமிங்டன் பெயர் இருந்தால் மரப்பிடியையும் கவனியுங்கள். குறுக்கே இரண்டு ஆழமான வெட்டுகள் இருந்தால் அது பி14 என்ற வேறொரு பிரிட்டிஷ் ரைபிளின் 1913 மாடல் பயோனெட்டாகவோ அமெரிக்க எம்1917 பயோனெட்டாகவோ இருக்கும், எஸ்.எம்.எல்.இ.-இல் பொருந்தாது.

இனி துரு. கருமையாக, வழவழப்பாக இரும்போடு ஒட்டியிருப்பது நிலைத்துவிட்ட படலம், அதை விட்டுவிடுங்கள். செங்கல் பொடி போல விரலில் ஒட்டுவதுதான் எதிரி. நுனியில் ஒரு கார்க்கைக் குத்தி, நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, அலகு முழுக்க மெல்லிய எண்ணெய் பூசி ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு 0000 நம்பர் ஸ்டீல் வுல்லை (மிக மெல்லிய எஃகு இழைப் பஞ்சு) எண்ணெயில் தோய்த்து, அலகின் நீளவாக்கில் மட்டும், அழுத்தம் கொடுக்காமல் இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் அந்தக் கீறல் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தெரியும். துடைக்கும் துணியில் சிவப்பு வருவது நின்று பழுப்போ சாம்பலோ வந்ததும் நிறுத்துங்கள். முத்திரை இருக்கும் இடத்தில் ஸ்டீல் வுல் வேண்டாம். எண்ணெயும் பல் குத்தும் குச்சியும் போதும். வினிகர், எலுமிச்சை, துருநீக்கி அமிலம் எதுவானாலும் எழுத்தின் ஓரத்தை அரித்து, இரும்பைச் செத்த சாம்பல் நிறமாக்கிவிடும்.

மரப்பிடியை இரண்டு திருகுகள் பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றும் ஆசையை முடிந்தவரை அடக்குவதே என் பழக்கம். வீட்டுத் திருப்புளியின் முனை ஆப்பு வடிவம். அது பள்ளத்திலிருந்து நழுவித் திருகின் தலையைச் சிதைக்கும். மரத்தின் ஓரத்தில் துரு கசிந்தால் மட்டும், பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் இணைமுனைத் திருப்புளியால், ஊடுருவும் எண்ணெய் விட்டு மறுநாள் திருப்புங்கள். மரம் காய்ந்திருந்தால் ஆளிவிதை எண்ணெயை ஒரு துளி துணியில் தொட்டுத் தடவினாலே போதும். மணல்தாள் பட்டால் பழைய கைப்பட்ட பளபளப்பு திரும்பாது.

எண்ணெயை வொயிட் ஸ்பிரிட்டால் (பெயின்ட் கரைக்கும் திரவம்) துடைத்தெடுத்த பிறகு நுண்படிக மெழுகு. பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனசான்ஸ் வாக்ஸைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகப் பூசி, சில நிமிடம் விட்டு, பருத்தித் துணியால் மெருகேற்றுங்கள். தடிமனாகப் பூசினால் தூசி ஒட்டும்.

உறைதான் அதிகம் பாழாகும் பாகம். தோலுக்கு எண்ணெய் ஊற்றினால் தையல் இற்று, தோல் தொய்ந்துவிடும். தொட்டால் சிவப்புப் பொடி உதிர்கிற தோலுக்கு, ஆல்கஹாலில் கரைத்த க்ளூசெல் ஜி (செல்லுலோஸ் வகைப் பிணைப்புப் பொருள்) கரைசலைத் தூரிகையால் பூசினால் பொடி கட்டிப்படும். எவ்வளவு அழகான உறையானாலும் அலகை உள்ளே வைத்துச் சேமிக்காதீர்கள். பதப்படுத்திய தோலில் உள்ள அமிலமும் அது இழுக்கும் ஈரமும் சேர்ந்து, வெளியே தெரியாமல் அலகைத் தின்னும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில், ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பெட்டியில் வையுங்கள். பயோனெட் வைத்திருப்பதற்கும் அஞ்சலில் அனுப்புவதற்கும் ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு சட்டம். வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ரைபிளில் மாட்டும் பள்ளமும், ரைபிளிலிருந்து கழற்ற அழுத்தும் குமிழின் ஸ்பிரிங்கும் மெழுகு போய்ச் சேராத இடங்கள். துரு திரும்பத் தலைகாட்டுவது பெரும்பாலும் அங்கேதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குமிழை அழுத்திப் பார்த்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் பள்ளத்தைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பஞ்சு சிவந்து வந்தால், ஒரு மாதத்திலேயே மறுபடி பாருங்கள்.