டி-டைமரை வைத்து நாள் குறிக்க முடியுமா?

போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு அத்தை பையன் போன் செய்தான். அத்தைக்குப் பெருங்குடல் புற்றுநோய், மூன்றாவது கீமோ முடிந்திருக்கிறது. "டி-டைமர் 2,800னு வந்திருக்குண்ணே. நெட்ல படிச்சா, இது ஏறினா ரொம்ப நாள் தாங்காதுன்னு போட்டிருக்கு" என்றான். நான் லேபில் தினம் இந்த டெஸ்ட் ஓட்டுகிறவன், அதனால்தான் கேட்கிறான். எங்கள் மெஷினில் 500க்குக் கீழே இருந்தால் நார்மல்.

நீல மூடி ட்யூபில் கோடு வரைக்கும் ரத்தம் பிடிப்போமே, அதில்தான் இதைப் பார்ப்போம். நாங்கள் அளப்பது ரத்தக்கட்டியை அல்ல. ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் இழைகள் வலை மாதிரி பின்னிக்கொள்ளும், அதைக் காரணி 13 என்ற புரதம் முடிச்சுப் போட்டு இறுக்கும், அப்புறம் பிளாஸ்மின் என்ற நொதி வந்து துண்டு துண்டாக நறுக்கும். முடிச்சு அவிழாமல் மிஞ்சுகிற துண்டுதான் டி-டைமர். பந்தி முடிந்த பிறகு எச்சில் இலையை எண்ணிப் பார்த்து எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்கிற கணக்கு இது. இலை நிறைய கிடந்தால் உள்ளே உறைவதும் கரைவதும் ஓயாமல் நடக்கிறது என்று அர்த்தம். ஆபரேஷன், கர்ப்பம், நோய்த்தொற்று, வயது, எதில் வேண்டுமானாலும் ஏறும். கொரோனா சமயத்தில் ஊருக்கே பழகிப்போன பெயர்தான்.

புற்றுநோயில் ஏன் ஏறுகிறது? பல புற்றுநோய்க் கட்டிகளின் செல்கள் திசுக் காரணி என்ற புரதத்தைச் சுமந்து திரிகின்றன, உறைதலுக்குத் தீக்குச்சி கிழிப்பதே அதுதான். பாரிஸ் மருத்துவர் ட்ரூசோ 1865லேயே காலில் ரத்தம் கட்டுவதையும் உள்ளே ஒளிந்திருக்கும் புற்றுநோயையும் முடிச்சுப் போட்டுச் சொல்லிவிட்டார். 1867 ஜனவரியில் அதே அறிகுறியைத் தன் உடம்பிலேயே பார்த்தவர், அதே வருஷம் ஜூனில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார்.

பையன் படித்ததும் பொய்யில்லை. 2000இல் வந்த டென்மார்க் ஆய்வில், ரத்தக்குழாயில் ரத்தக்கட்டியும் புற்றுநோயும் ஒன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஒரு வருஷம் தாண்டியவர்கள் 12 சதவீதம்தான். அதே மாதிரி புற்றுநோய் வந்து, ரத்தக்கட்டி இல்லாதவர்களில் 36. வியன்னா ஆய்வாளர்களும் டி-டைமர் ஏற ஏற இறப்பும் கூடுவதைப் பார்த்தார்கள். சரி, அப்போது ரத்தத்தை இளக்கிவிட்டால் ஆயுள் நீளுமா? 2,000 பேருக்கு மேல் நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்து பிரிட்டனில் செய்துபார்த்தார்கள், ரத்தக்கட்டி குறைந்ததே தவிர ஆயுள் நீளவில்லை. புகை கலைந்தது, அடுப்பு அணையவில்லை, எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். தவிர, இதெல்லாம் கூட்டத்துக்குப் போட்ட கணக்கு. அத்தை ஒரே ஆள்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. "அத்தைக்குக் கால் வீங்கியிருக்கா?" என்றுதான் கேட்டேன்.

"லேசா இருக்குண்ணே, கீமோவாலன்னு விட்டுட்டோம்."

"ஒரு காலா, ரெண்டு காலா?"

போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். இடது கெண்டைக்கால் மட்டும்தானாம், தொட்டால் சூடாக வேறு இருக்கிறதாம். காலை வரைக்கும் காத்திருக்காதே, அந்தக் காலை அமுக்கித் தேய்த்துவிடாதே, இப்போதே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போய் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார் என்றேன்.