முட்டி மேல வேணாம், முட்டிக்கு மேல: செந்தூல்ல யோகா வச்சு இங்கிலீஷ் சொல்லிக்குடுத்த கதை

மொதல்லயே சொல்லிடறேன், நான் பெரிய யோகா டீச்சர் எல்லாம் இல்ல. ப்ரைமரி பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கறவ, ஆறேழு வருஷமா யோகா பண்றேன், அவ்ளோதான். மலேசியால கோலாலம்பூர் பக்கம் செந்தூல்ல, எங்க அடுக்குமாடி டேவான்ல, அதாவது பொது மண்டபத்துல, ஞாயித்துக்கெழம காலைல ஏழரைக்கு ஒரு ஒம்பது பேரு வருவாங்க, ஆளுக்கு 5 வெள்ளி (ரிங்கிட்). முக்காவாசி அறுவது தாண்டினவங்க, எஸ்டேட் தோட்டத்துலேருந்து கோலாலம்பூர் வந்து செட்டில் ஆனவங்க. தமிழ் தண்ணி பட்ட பாடு, மலாய்ல சமாளிச்சுடுவாங்க, இங்கிலீஷ்னா மட்டும் வாய்க்குப் பூட்டு. ஆனா பேரப்பிள்ளைங்க வீட்ல பேசறது பூரா இங்கிலீஷ்தான். "பாட்டின்னு கூப்பிடுது, அதுக்கு மேல அது என்ன சொல்லுதுன்னு நான் மருமக மூஞ்சியப் பாக்கணும்"னு கோல சிலாங்கூர்லேருந்து வந்த ஒரு அம்மா ஒரு நாள் சொன்னாங்க. சரி சொல்லித்தர்றேம்மான்னு நானும் வாய விட்டுட்டேன்.

யோகா முடிஞ்சதும் அரை மணி நேரம் ஒயிட்போர்டு வச்சு ஐ ஆம், ஹி ஈஸ், தே ஆர்னு ஆரம்பிச்சேன். மூணாவது வாரம் போர்ட எடுத்து வைக்கறதுக்குள்ள அஞ்சு பேரு பசியாறப் போறோம்னு மாமாக் கடைக்குக் கெளம்பிட்டாங்க. தப்பு அவங்க மேல இல்ல, பள்ளிக்கூடத்துல பாதியில நின்ன பயத்த நான் திரும்ப எழுப்பி விட்டுட்டேன்.

அப்பதான் டீச்சிங் கோர்ஸ்ல படிச்சது ஞாபகம் வந்துச்சு. ஜேம்ஸ் ஆஷர்னு கலிபோர்னியா சான் ஹோசேல ஒரு சைக்காலஜி பேராசிரியர், 1960கள்ல ஜப்பான் மொழிய வச்சு பண்ணிப் பாத்தாரு. நில்லு, உக்காரு, நடன்னு கட்டளைய சொல்லணும், கேக்கறவங்க உடம்பால செய்யணும், வாயத் தொறக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தக்கூடாது. டோட்டல் ஃபிசிக்கல் ரெஸ்பான்ஸ்னு பேரு, சுருக்கமா டிபிஆர். கொழந்தையும் அப்படித்தானே, பேச வர்றதுக்கு முன்னாடியே "கைய நீட்டு"ன்னா நீட்டும். அட, யோகா கிளாஸ்ல நான் வாரா வாரம் பண்றதே இதான, என்ன, தமிழ்ல பண்ணிட்டு இருக்கேன். போர்ட மூட்ட கட்டிட்டு கிளாஸையே இங்கிலீஷ்ல எடுத்துடலாம்னு முடிவு பண்ணேன்.

பண்ணேன், எல்லாரும் அட்டகாசமா செஞ்சாங்க, எனக்கோ தலைகால் புரியல. ரெண்டு வாரம் கழிச்சுதான் ஒறைச்சுது, ஒருத்தர் கூட நான் சொல்றத காதுல வாங்கல! நான் செஞ்சு காட்டறத பாத்து செய்றாங்க, இல்லன்னா விருக்ஷாசனம்னு பேரக் கேட்டதும் பழக்கத்துல ஒத்தக் கால்ல நின்னுடறாங்க.

பேரு பிரச்சன தானா தீந்துச்சு. அடுத்த ப்ளாக் மலாய்க்கார அக்கா சேரட்டுமான்னு கேட்டாங்க, மந்திரம் எதாச்சும் சொல்லுவீங்களான்னும் கேட்டாங்க. 2008 நவம்பர்ல மார்க்கத் தீர்ப்பு சொல்ற தேசிய ஃபத்வா கவுன்சில் முஸ்லிம்கள் யோகா பண்ணக்கூடாதுன்னு சொன்னதும், அப்பறம் பிரதமர் அப்துல்லா படாவி மந்திரம் இல்லாம உடற்பயிற்சியா பண்ணலாம்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பண்றதும் பண்ணாததும் அவங்க முடிவு, நான் ஒண்ணும் சொல்லல, ஆனா ஓமையும் சமஸ்கிருதப் பேரையும் எடுத்துட்டேன். எடுத்தப்பறம் பாத்தா அதான் கிளாஸுக்கே நல்லதா போச்சு, ஏன்னா இப்ப ஒத்தக் கால்ல நிக்க வைக்கணும்னா முழு வாக்கியமா சொல்லியே ஆகணும், அவங்களும் கேட்டே ஆகணும். செஞ்சு காட்டறதையும் நிறுத்திட்டு சேர் போட்டு உக்காந்து வாயால மட்டும் சொன்னேன். அன்னிக்கு டேவான் இருந்த இருப்ப பாக்கணுமே, ஆளுக்கு ஒரு திசை.

"பெண்ட் யுவர் நீ"ன்னேன். "நீன்னா யாரு, நானா?"ன்னு கோல சிலாங்கூர் அம்மா கேட்டாங்க. முட்டிம்மா முட்டின்னேன். "ஓப்பன் யுவர் பாம்"னதும் "பாம்னா செம்பனைல்ல? இருவது வருசம் அதுலதான கெடந்தேன்"னாங்க. உள்ளங்கைக்கும் அதே சத்தம்தான்னு சொன்னேன். காஃப்னு ஆடுசதையத் தொட்டுக் காட்டினா, தோட்டத்துல மாடு வளத்தவங்க நாலு பேரு ஒண்ணா "கன்னுக்குட்டி!"ங்கறாங்க. சரி, நமக்கு கெண்டைக்கால்ல மீனு இருக்கறப்போ அவங்க கால்ல கன்னுக்குட்டி இருந்துட்டுப் போகட்டும். இந்த மூணு வார்த்தைய இன்னிக்கு வரைக்கும் யாரும் மறக்கல.

கஷ்டப்பட்டது ஆன், அபவ், பிலோ. ஒத்தக் கால்ல நிக்கறப்ப பாதத்த முட்டி மூட்டு மேலயே வச்சு அழுத்தக்கூடாது, தொடைல வைக்கலாம், இல்ல முட்டிக்குக் கீழ வைக்கலாம். நாட் ஆன் தி நீ, அபவ் தி நீ. ரெண்டுமே மேலதானேன்னு வாதம் பண்ணாங்க. யோசிச்சு யோசிச்சு கடைசில தமிழே கை குடுத்துச்சு: முட்டி மேல வேணாம், முட்டிக்கு மேல. ஒரு "க்கு"தான் வித்தியாசம். சொன்ன ஒடனே பாதம் எல்லாம் சரியான எடத்துக்கு ஏறிடுச்சு. டியூஷன்ல படம் போட்டு மாசக்கணக்குல கத்தற விஷயம் இது. தமிழ் கலக்காம இங்கிலீஷ் சொல்லித்தரணும்னு சொல்றவங்கள நான் அதோட நம்பறத விட்டுட்டேன்.

ஹோல்ட்ங்கற வார்த்தைல மட்டும் ஜாக்கிரதை. ஹோல்ட்னா மூச்சையும் சேத்து புடிச்சுக்கறாங்க, பாதிப் பேருக்கு பிபி இருக்கு. அதனால ஹோல்ட்டோட எப்பவும் "கீப் ப்ரீதிங்"கயும் சேத்தே சொல்லுவேன். ப்ரெத்னா மூச்சு, ப்ரீத்னா மூச்சு விடு, அந்த வித்தியாசம் அதுல ஒட்டிக்கிச்சு.

ஆனா ஒண்ண மறைக்கக்கூடாது, ரெண்டு மாசம் ஆகியும் யாரும் பேசல. கேட்டா செய்றாங்க, வாய் தொறக்கல. கட்டளைய வச்சு பேரப்பிள்ளைகிட்ட எவ்ளோ நேரம் பேசுவீங்க, சிட், ஸ்டாண்ட்னு? பேச வச்சது வலிதான். எங்க வலிக்குதுன்னு இங்கிலீஷ்ல சொன்னாத்தான் தலகாணி தருவேன்னு கண்டிஷன் போட்டேன். "மை நீ பெயின்"னு ஆரம்பிச்சு "மை நீ ஹர்ட்ஸ்"க்கு வந்து, ஒரு வாரம் யாரும் கேக்காமலே "யெஸ்டர்டே மை பேக் ஹர்ட், டுடே ஓக்கே"ன்னு ஒரு அம்மா சொன்னாங்க பாருங்க, இறந்தகாலம்! நான் சொல்லித்தரவே இல்ல, மருமக போன்ல பேசறதக் கேட்டு எடுத்திருக்காங்க.

அதுக்கப்பறம் வாரம் ஒருத்தர் கிளாஸ நடத்தணும்னு வச்சேன். போன வாரம் லாரி அங்கிள் முறை. முப்பது வருஷம் லாரி ஓட்டினவரு, குரல் கேட்டா டேவானே நிமிந்து உக்காரும். "ஸ்டாண்ட் ஆன் ஒன் லெக். ஹோல்ட். கீப் ப்ரீதிங்." எல்லாம் சரி, எறக்கறதுக்கு உண்டான வார்த்தைய மறந்துட்டாரு. பத்து பேரு ஒத்தக் கால்ல ஆடறாங்க, அவரு என்னப் பாக்கறாரு, நான் சொல்லித்தர மாட்டேன்னு நிக்கறேன். கடைசில கைய வீசி "கோஸ்தான்! கோஸ்தான்!"னு, லாரிய ரிவர்ஸ் எடுக்கச் சொல்ற மாதிரி ஒரு கத்து கத்தினாரு. மலாய்க்கார அக்கா உட்பட மொத்த டேவானும் டக்குன்னு கால எறக்கிடுச்சு.

அது இங்கிலீஷ் இல்லைல்ல, மன்னிச்சுக்கம்மான்னாரு. இங்கிலீஷ்தான் அங்கிள், கப்பல்காரன் பின்னால போன்னு "கோ அஸ்டர்ன்" சொன்னதுதான் இங்க கோஸ்தான் ஆச்சுன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு.

"அப்ப முப்பது வருசமா நான் ரிவர்ஸ்ல இங்கிலீஷ் பேசிட்டுத்தான் இருந்திருக்கேன்"னு சொல்லிட்டு தே தாரிக் குடிக்கக் கெளம்பிட்டாரு.