வாய்மொழித் தேர்வில் காட்டு ஈஸ்ட்: நான் படித்த விதம்

எம்.எஸ்சி. நுண்ணுயிரியலில் நொதித்தல் தாளுக்கு வாய்மொழித் தேர்வு உண்டு. "காட்டு ஈஸ்ட் பீரைப் புட்டியில் அடைத்து நிலவறையில் வைத்தால், மூன்று வருடத்தில் சுவை ஏன் மாறுகிறது?" உள்மதிப்பீட்டில் இந்தக் கேள்விக்குத்தான் நான் மதிப்பெண் இழந்தேன். (காட்டு ஈஸ்ட் என்பது நாம் வளர்த்துச் சேர்க்காமல் சுற்றுப்புறத்திலிருந்து தானாக வந்து சேரும் ஈஸ்ட்.) பன்னிரண்டு வேதிப்பொருள்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "இதில் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது?" என்று பேராசிரியர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று விடுதிக்குத் திரும்பி அழுதேன். இந்தத் தாளை எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வழி திறந்தது திசையன்விளைப் பக்கம் உள்ள எங்கள் ஊரில். பதநீர்க் காலம். பெரியப்பா கொண்டுவந்த பதநீரில் ஒரு தம்ளரை எடுத்துத் திண்ணையில் வைத்து, சில மணிக்கு ஒருமுறை முகர்ந்து குறித்துக்கொண்டேன். காலையில் வெறும் இனிப்பு. மாலையில் நுரையும் லேசான புளிப்பும். மறுநாள் மூக்கில் ஏறும் காடி நெடி. கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது இந்த வரிசையைத் தள்ளிப்போடத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு நேரத்துக்கும் ஓர் உயிர். ஒன்று விட்டுவைத்ததை அடுத்தது தின்கிறது. பெல்ஜியத்தின் லாம்பிக் பீரிலும் இதுவே நடக்கிறது, ஆண்டுக்கணக்கில்.

ஆகவே பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு தாளில் காலக்கோடு போடுங்கள். கொதித்த தானியக் கரைசல் அகன்ற திறந்த தொட்டியில் இரவெல்லாம் ஆறும்போது காற்றிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் நுண்ணுயிர்கள் இறங்குகின்றன. முதல் வாரங்கள் குடல்வகை பாக்டீரியாக்களுடையவை. அடுத்து வழக்கமான பீர் ஈஸ்ட்டான சாக்கரோமைசிஸ் எளிய சர்க்கரைகளை முடிக்கிறது. பிறகு பீடியோகாக்கஸ் என்ற லாக்டிக் பாக்டீரியா புளிப்பான லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கிறது. சில சமயம் பீரை இழை இழையாகக் கொழகொழப்பாக்கி, வெண்ணெய் வாடையும் ஏற்றிவிடுகிறது. கடைசியாக மேலோங்கும் காட்டு ஈஸ்ட்டான பிரெட்டனோமைசிஸ் அந்த இழையையும் வாடையையும் நீக்கி, மற்ற ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின்கள் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் மெல்ல உடைத்துத் தின்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று வயது லாம்பிக்குகளைக் கலந்து அடைத்தால் அது கூஸ். இளைய லாம்பிக்கில் மிஞ்சிய சர்க்கரையால் புட்டிக்குள் மறுபடி நொதிக்கிறது. அதனால் நாள் ஆக ஆக வாயு ஏறுகிறது, இனிப்பு வற்றுகிறது.

மணத்தைத்தான் பலரும் குழப்புகிறார்கள். வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டரைப் (எஸ்டர் என்றால் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த மணப்பொருள்) பிரெட்டனோமைசிஸின் நொதி சிதைக்கிறது. எத்தில் லாக்டேட், எத்தில் அசிட்டேட் போன்ற வேறு எஸ்டர்கள் கூடுகின்றன. தானியத்திலிருந்து வரும் ஃபெருலிக் அமிலம் முதலில் 4-வினைல்குவாயகால் ஆகிறது, அது கிராம்பு. அதை 4-எத்தில்குவாயகால் ஆக்குவது பிரெட்டனோமைசிஸ். கிராம்போடு புகையும் சேர்கிறது. அதுவே தரும் 4-எத்தில்பீனாலின் மணத்துக்குப் புத்தகம் குதிரை லாயம் என்கிறது. நான் குதிரை லாயத்தைக் கண்டதில்லை. எங்கள் தொழுவத்தை நினைத்துக்கொண்டேன், மறக்கவே இல்லை. பீரை ஒரு துளிகூடச் சுவைக்காமல் இந்தப் பாடத்தைப் படிக்கலாம். கிராம்பு, வாழைப்பழம், காடி, மோர், நனைந்த அட்டைப்பெட்டி ஆகியவற்றை மூடியுள்ள பாட்டில்களில் போட்டு, கண்ணை மூடி முகர்ந்து பெயர் சொல்லிப் பழகுங்கள்.

ஒரு பிழையை மட்டும் செய்யாதீர்கள். புளிப்பு முழுவதையும் பிரெட்டனோமைசிஸ் தலையில் கட்டக்கூடாது. பெரும்பங்கு லாக்டிக் பாக்டீரியாவுடையது. பிரெட்டனோமைசிஸ் அசிட்டிக் அமிலத்தை நிறையத் தருவது ஆக்சிஜன் கிடைக்கும்போதுதான். நன்றாக மூடிய புட்டிக்குள் அதற்கு இடம் குறைவு. இந்த ஒரு வாக்கியத்தை எழுத்துத் தேர்விலும் எழுதினேன். 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் கிளவுசன் இங்கிலாந்துப் பீரில் பிரெட்டனோமைசிஸை இனங்கண்டதால்தான் 'பிரிட்டிஷ் பூஞ்சை' என்று பொருள்படும் பெயர் வந்தது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

இறுதித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வரிசையைக் கேட்டார். பதநீர் முகர்ந்து குறித்த கதையோடு காலக்கோட்டை அப்படியே சொன்னேன். பிறகு, "சரி அம்மா, அந்தப் புட்டியைத் திருநெல்வேலியில் உங்கள் வீட்டுப் பரணில் வைத்தால்?" என்றார்.

"நிலவறையில் பத்து முதல் பதினைந்து டிகிரிதான் இருக்கும் ஐயா. எங்கள் பரணில் அக்கினி நட்சத்திரத்தில் நாற்பதை நெருங்கும். வெப்பம் கூடினால் எல்லா வினையும் ஒரே அளவில் வேகமெடுக்காது. ஈஸ்ட் தளர்ந்துவிடும், ஆக்சிஜனேற்றம் முந்திக்கொள்ளும். மூன்று வருடச் சுவை மூன்று மாதத்தில் வராது, நனைந்த அட்டை வாடைதான் வரும்" என்றேன்.

அவர் மதிப்பெண் தாளை இழுத்துக்கொண்டு, "பதநீர் முகர்ந்த குறிப்பேட்டைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.