டிக்ளேர் பண்ணாமல் கொண்டுவந்தது

"சின்ன வயசுல எங்க வளர்ந்தீங்க?"

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியேதான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. குடியுரிமை வாங்கியாயிற்று. தேர்தலன்று ஓட்டுப் போட்டுவிட்டு, வாசலில் விற்கிற சாசேஜுக்கு வரிசையில் நிற்கிற அளவுக்கு ஊர் பழகிவிட்டது. வயிற்று வலி என்று வந்தவனிடம் இப்போது எதற்கு ஜாதகம்?

வலிக்கு அப்போது நாலு மாசம். நெஞ்சுக்குழிக்கு இரண்டு விரல் கீழே, நடு மையத்தில். பகலில் சும்மா இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்தது மாதிரி எழுப்பிவிடும். எழுந்து இரண்டு பிஸ்கட் தின்றால் அடங்கும். இங்கே இரண்டு மணி என்றால் அங்கே பதினொன்றரை. சீரியல் எல்லாம் முடிந்து அம்மா கொசுவலையைச் சொருகுகிற நேரம். போன் போட்டால் முதல் ரிங்கிலேயே எடுத்து, கேட்காமலே தீர்ப்பும் சொல்லிவிடுவாள்: "வாயுடா. வெறும் வாயு."

டாக்டரிடம் போனால் வேறு மாதிரிக் கஷ்டம். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார்கள். நானும் யோசித்து ஆறு என்றேன், ஏதோ பாஸ் மார்க் வாங்குகிறவன் போல. எப்படி வலிக்கிறது என்றபோதுதான் திண்டாட்டமே. பிசைகிறது. அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? எரிச்சல் இருக்கிறது, ஆனால் எரியவில்லை. கரிக்கிறது, ஆனால் நெஞ்சு கரிப்பு இல்லை. கடைசியில் கையை முறுக்கி மாவு பிசைகிற மாதிரி காட்டினேன். அவரும் புரிந்த மாதிரி தலையாட்டி என்னவோ டைப் செய்துகொண்டார்.

ஆனால் வேலை சுத்தம். முதலில் ஈசிஜி எடுத்தார். இருதயக் கோளாறுகூட மேல்வயிற்று வலியாக வேஷம் போடுமாம். அடுத்து வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்திக்கொண்டு மூச்சை இழுக்கச் சொன்னார். பித்தப்பை வீங்கியிருந்தால் அந்த மூச்சு பாதியில் வெட்டிக்கொண்டு நிற்குமாம். எனக்கு முழுசாகப் போய் வந்தது. ஆறு மணி நேரம் பட்டினி கிடந்து ஸ்கேன் எடுத்ததில் கல்லும் இல்லை. கணையத்துக்காக ரத்தத்தில் லைபேஸ் என்று ஒன்றைப் பார்த்தார்கள், அதுவும் சரி. முதுகு வலிக்கு இபுப்ரொஃபென் போடுகிற பழக்கம் உண்டா என்று மூன்று தடவை கேட்டார், வயிற்றைப் புண்ணாக்குவதில் அதற்குப் பெரிய பங்காம். எடை குறைகிறதா, விழுங்கும்போது அடைக்கிறதா, மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றிருந்தாலும் நேராக என்டாஸ்கோபிதான். எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பிறகுதான் அந்த வளர்ந்த ஊர்க் கேள்வி வந்தது.

காரணம் இருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று ஒரு கிருமி. பெரும்பாலும் குழந்தையாக இருக்கும்போதே, ஒரே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. மருந்து கொடுத்து விரட்டாவிட்டால் ஆயுசுக்கும் குடியிருக்கும். இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இது சகஜம் என்றார். கண்டுபிடிக்க ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஒரு பலூனை ஊத வேண்டும். மாத்திரையில் இருப்பது யூரியா. கிருமி இருந்தால் அதை உடைத்துவிடும், உடைவதில் வருகிற கார்பன் டை ஆக்சைடு மூச்சில் வந்து காட்டிக்கொடுக்கும். அதற்கு முன்னால் அமிலம் குறைக்கிற மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடுமாம். அந்த நாட்களில் இரண்டு மணி மட்டுமில்லை, மூன்றரையும் பார்த்தேன்.

ஊதினேன். இருந்தது.

இதில் வேடிக்கை, அந்தக் கிருமியின் கதையே இந்த ஊர்க் கதைதான். ராயல் பெர்த் ஆஸ்பத்திரியில் ராபின் வாரன் என்கிற டாக்டர் 1979-இல் அதை நுண்ணோக்கியில் பார்த்தார். பாரி மார்ஷல் என்கிற இன்னொரு டாக்டர் சேர்ந்துகொண்டு வளர்த்துப் பார்த்தார், வளரவே இல்லை. 1982 ஈஸ்டர் லீவில் எடுத்துப் பார்க்க ஆளில்லாமல் கிருமி வளர்க்கிற தட்டுகள் கூடுதலாகச் சில நாள் கிடந்தன. திறந்தால் முளைத்திருந்தது! வயிற்றுப் புண்ணுக்கு இந்தக் கிருமிதான் காரணம் என்றதை யாரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அதையே எடுத்துக் குடித்தார், சில நாளில் வாந்தியும் இரைப்பை வீக்கமும். 2005-இல் இருவருக்கும் நோபல். நான் என்னவோ அதை அதன் சொந்த ஊருக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். இறங்கிய அன்று ஏர்போர்ட்டில் பருப்புப்பொடிப் பொட்டலத்தைப் பிரித்து, மோந்து, விதை இருக்கிறதா என்று துருவியவர்கள் என் இரைப்பையை விட்டுவிட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு.

"அப்ப நான் பூச்சியூட்டி வளர்த்தேன்னு சொல்றியா?"

"அப்படி இல்லம்மா, எல்லார் வீட்லயும்…"

"ஏன், நம்ம வீட்ல என்ன சுத்தக் குறைச்சல்? கொல்லைல கால் கழுவாம ஒருத்தர உள்ள விட்டிருப்பேனா? அந்த வெள்ளைக்காரி வந்து பாத்தாளா?"

மூன்று நாள் பேச்சு இல்லை. அக்காதான் நடுவில் தூது. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம் மொட்டைமாடி. கரண்ட் போன ராத்திரியில் ஒரே குண்டானில் பிசைந்து, அவள் கையிலிருந்து வாய் வாயாக உருட்டி வைப்பாள். நான், அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். எனக்கு மட்டும் ஒரு வாய் கடித்துப் பார்த்து, காரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மிச்சத்தைக் கொடுப்பாள். அதில் வந்ததோ, சொம்புத் தண்ணீரில் வந்ததோ, யார் கண்டது. இந்த ஊருக்கு வந்து நான் கேட்காமல் என்னோடு தங்கியது அது ஒன்றுதான் என்றுகூட ஒரு ராத்திரி தோன்றியது. பசி மயக்கமாக இருக்கும்.

இரண்டு ஆன்டிபயாடிக், அமிலத்துக்கு ஒரு மாத்திரை, காலையும் ராத்திரியும். அதில் ஒரு ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின் உள்ளே போன பிறகு வாயெல்லாம் பழைய காசை நக்கிய ருசி. காபிகூடத் துருப்பிடித்தது. மருந்து முடிந்து ஒரு மாசத்துக்கு மேல் விட்டு மறுபடியும் பலூன் ஊதினேன். போய்விட்டது. இப்போது இரண்டு மணிக்கு விழிப்பு வருவதில்லை. அதனால் பதினொன்றரைக்குப் போனும் போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவே கூப்பிட்டாள். மாமா பேரனுக்கு மொட்டை, கிணற்று மோட்டார் ரிப்பேர் என்று ஊரெல்லாம் சுற்றினாள். அவளுக்கும் பல வருஷமாக 'வாயு' இருக்கிறது. கையளவு ஓமத்தை வாயில் போட்டுக்கொண்டு பாதி ராத்திரியில் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வைக்கப் போகிற நேரத்தில்தான்,

"ஏண்டா, அந்தப் பலூன் ஊதறது இங்கயும் இருக்காமா?" என்றாள்.