கேள்விக்குறியில் தொடங்கும் வரிகள்

முதுகலைப் புள்ளியியல் இறுதித் தேர்வுக்கு நான்கு மாதங்கள் இருந்தன. அதுவரை இரண்டு ஆண்டுகளாக ஒரு குறிப்புச் செயலியில்தான் எல்லாவற்றையும் எழுதி வந்தேன். அதன் புதிய பதிப்பு வந்த அன்று, பழைய குறிப்புகளில் பாதி திறக்கவில்லை. ஏற்றுமதி செய்து பார்த்தேன். தலைப்புகள் வந்தன, அவற்றின் கீழே எழுதியிருந்தது வரவில்லை. அன்று இரவு, மிஞ்சியவற்றையெல்லாம் நகலெடுத்து வெறும் டெக்ஸ்ட் கோப்புகளில் ஒட்டத் தொடங்கினேன். எழுத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத கோப்பு: நிறம் இல்லை, எழுத்துருத் தேர்வு இல்லை, எந்தக் கணினியிலும் எந்தக் கைபேசியிலும் திறக்கும். அவசரத்தில் எடுத்த முடிவுதான். ஆனால் நான் படிக்கும் முறையே அதனால் மாறியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் சில வாரங்கள் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பாடத்துக்கு ஒரு கோப்பு, அதில் பத்தி பத்தியாகக் குறிப்பு, தனியாக ‘செய்ய வேண்டியவை’ என்று இன்னொரு கோப்பு. இந்தப் பணிக் கோப்புதான் தொல்லை கொடுத்தது. ‘கருதுகோள் சோதனை மறுபடி படி’ என்று எழுதி வைப்பேன். பத்து நாள் கழித்து அதைப் பார்க்கும்போது, எந்த இடத்தில் தடுக்கியது, எதற்காக அப்படி எழுதினேன் என்பது மறந்துபோயிருக்கும். மறுபடி முழு அத்தியாயத்தையும் புரட்ட வேண்டியிருக்கும்.

பிறகு கிரெப் என்ற பழைய கருவியைக் கற்றுக்கொண்டேன். யுனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக கென் தாம்ப்சன் எழுதியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தையது. அது செய்வது ஒரே வேலை: நீங்கள் கேட்ட சொல் இருக்கும் வரிகளை மட்டும், எத்தனை கோப்புகளில் கிடந்தாலும் திரட்டிக் கொடுக்கும். நான் பத்தியாக எழுதியிருந்தது கணினிக்கு ஒரே நீண்ட வரி என்பதால், வரியைக் கேட்டால் முழுப் பத்தியும் வந்து நின்றது. அப்போதுதான் புரிந்தது, டெக்ஸ்ட் கருவிகளுக்கு அலகு வரிதான். தேடுவது, வரிசைப்படுத்துவது, இரண்டு பதிப்புகளை ஒப்பிடுவது எல்லாமே வரி வரியாகத்தான் நடக்கும். ஆகவே ஒரு வரிக்கு ஒரு செய்தி என்று எழுதப் பழகினேன்.

அடுத்து, பணிப் பட்டியலையே அழித்துவிட்டேன். படிக்கும்போது எங்கே தடுக்குகிறதோ அங்கேயே, குறிப்புக்கு நடுவிலேயே, இரண்டு கேள்விக்குறி போட்டு ஒரு வரி எழுதுவேன்:

?? திட்ட விலக்கம் காணும்போது மாதிரிக்கு மட்டும் என்-1-ஆல் வகுப்பது ஏன்

இங்கே ‘என்’ என்பது மாதிரியில் உள்ள தரவுகளின் எண்ணிக்கை. பயிற்சிக்காக எழுதிய மாதிரித் தேர்வில் தவறான விடைகளுக்கு இரண்டு ஆச்சரியக்குறி. இவ்வளவுதான் என் குறியீடுகள். காலையில் உட்கார்ந்ததும் ‘??’ என்று தேடினால், எல்லாப் பாடங்களிலும் தீராமல் கிடக்கும் சந்தேகங்கள் கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும் வந்துவிடும். அன்றைய வேலை அதுதான். பட்டியல் என்று ஒன்றை நான் எழுதவே இல்லை. குறிப்பிலிருந்து அதுவாகவே உருவானது. சந்தேகம் தீர்ந்ததும் கேள்விக்குறிகளை எடுத்துவிட்டு அதன் கீழேயே விடையை எழுதினால் பணியும் முடிந்தது, குறிப்பும் வளர்ந்தது. ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தி மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அதற்குள் இயங்கும், கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் தொடங்கிய ஆர்க் மோட் என்ற குறிப்பு வசதி இதையே இன்னும் விரிவாகச் செய்கிறது. படிக்கிற காலத்தில் அதைக் கற்றுக்கொள்ள உட்காராதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கருவியை அழகுபடுத்துவதில் போகும் மாலைப் பொழுதுகள் படிப்புக் கணக்கில் சேராது.

சந்தேக வரியைக் கேள்வியாகவே எழுதுங்கள். ‘என்-1 பற்றிப் பார்க்க’ என்று எழுதியிருந்தால் நான் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன். ‘ஏன்’ என்று முடிந்த வரி, விடை தெரிகிற வரை விடவில்லை. மாதிரிச் சராசரியும் அதே தரவிலிருந்து எடுக்கப்படுவதால் விலக்கங்கள் உள்ளதைவிடச் சிறியவையாகத் தெரிகின்றன, அதைச் சரிக்கட்டத்தான் அந்த ஒன்றைக் கழிக்கிறோம் என்பதை என் சொற்களில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

திருப்பிப் படிப்பதற்குத் தேதி வேண்டும். வரியின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2024-03-07. நாளை முதலில் எழுதினால் மார்ச் 7-க்கு முன்னால் ஏப்ரல் 2 வந்து நிற்கும். ஆண்டில் தொடங்கினால் சாதாரண அகர வரிசையே கால வரிசையாகிவிடும். புதிதாகப் படித்ததை மறுநாள், பிறகு நான்கு நாள், பத்து நாள், ஒரு மாதம் என்று தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

தமிழில் குறிப்பெழுதுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை ‘தொகுதி’ என்று தேடினேன். நானே எழுதிய, கண்ணுக்கு முன்னால் தெரிகிற வரிகூடத் தேடலில் வரவில்லை. அரை நாள் குழம்பிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஒகரக் குறியை யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளை அடையாளம் காணும் எண் முறையில், இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. கைபேசியில் ஒரு விதமாகவும் கணினியில் இன்னொரு விதமாகவும் தட்டியிருந்தேன். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே சிக்கல் உண்டு. தீர்வு எளிது: இப்படி வேறுபடுவதை ஒரே வடிவாக்கும் யூனிகோட் இயல்பாக்கத்தில் என்எஃப்சி என்ற வகை, பிரிந்து கிடக்கும் குறிகளைச் சேர்த்துவிடும். பைத்தான் என்ற நிரல் மொழியில் நான்கைந்து வரி எழுதி என் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே சீராக்கினேன். அதன் பிறகு, முன்பு சொல்லைக் கொண்டு தேடியபோது சிக்காத ஒன்பது வரிகள் வெளியே வந்தன. 

கோப்பைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற குறியாக்கம் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வேறொன்றில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடலாம். அப்படி ஆனதைத் திரும்பப் பெற வழியில்லை.

கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருள் பற்றியும் சொல்ல வேண்டும். நிரலாளர்களுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கியது என்றாலும் படிப்பவருக்கும் அருமையான துணை. ஒவ்வொரு இரவும் அன்றைய மாற்றங்களைப் பதிந்துவிட்டுப் படுப்பேன். முதலில் இதைப் பாதுகாப்புக்காகத்தான் செய்தேன். ஒருநாள் பழைய பதிவுகளைப் புரட்டியபோது, கழித்தல் குறியோடு நீக்கிய ஒரு வரியும் அதன் கீழே கூட்டல் குறியோடு சேர்த்த ஒரு வரியும் கண்ணில் பட்டன:

- பி-மதிப்பு: இன்மைக் கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு
+ பி-மதிப்பு: இன்மைக் கருதுகோள் உண்மை என்று கொண்டால், கிடைத்த அளவோ அதற்கும் மேலாகவோ விலகிய முடிவு வருவதற்கான நிகழ்தகவு

இன்மைக் கருதுகோள் என்பது ‘வேறுபாடு எதுவும் இல்லை’ என்று முதலில் வைத்துக்கொள்ளும் அனுமானம். முதல் வரி தவறு. அதை மூன்று மாதம் சரியென்று நம்பியிருக்கிறேன். எப்போது நம்பினேன், எந்தத் தேதியில் திருத்திக்கொண்டேன் என்பது இரண்டும் அங்கே பதிவாகியிருந்தன. தேர்வுக்கு முந்தைய வாரம் முழுவதும் இப்படித் திருத்திய வரிகளை மட்டுமே படித்தேன். ஒருமுறை தவறாகப் புரிந்துகொண்ட இடத்தில் நெருக்கடியில் மறுபடி அதே தவறு வரும் என்பதை மாதிரித் தேர்வுகளில் பார்த்திருந்தேன்.

டெக்ஸ்ட் கோப்பு ஒத்துவராத இடமும் உண்டு. வரைபடங்களையும் நீண்ட நிறுவல்களையும் நான் காகிதத்தில்தான் எழுதினேன். நிறுவலை, கணிதக் குறியீடுகளை நேர்த்தியாக அச்சமைக்கும் லாடெக் மென்பொருளில் தட்டச்சு செய்வது அழகுதான். ஆனால் தேர்வில் எழுதப்போவது கை. கோப்பில் ‘நோட்டு 3, பக்கம் 42’ என்று ஒரு வரி மட்டும் இருக்கும். தேடினால் அந்த வரி கிடைக்கும், பிறகு நோட்டை எடுப்பேன். ஒரே கோப்பைக் கைபேசியிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் திருத்தினால் இரண்டு நகல்கள் உருவாகும் தொல்லையும் வந்தது. கைபேசியில் ‘வரவு’ என்ற ஒரு கோப்பில் மட்டும் எழுதுவது, இரவில் அதைப் பிரித்து உரிய இடங்களில் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

தேர்வுக்கு முதல் நாள் ‘??’ என்று தேடியபோது பதினொரு வரிகள் வந்தன. நான்கைப் பெரிய பகுதிகள் என்று விட்டுவிட்டு, மீதி ஏழு வரிகளை எடுத்துக்கொண்டேன். எதை விடுகிறேன் என்று தெரிந்தே விட்டதால் அன்று இரவு தூக்கம் வந்தது.

இதைத் தொடங்க நினைப்பவர்கள் பழைய குறிப்புகளை மாற்றி எழுத உட்கார வேண்டாம். அவை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நகல் மட்டும் எடுத்து வையுங்கள். இன்று படிக்கப்போகும் பாடத்துக்கு ஒரு புதிய கோப்பு திறந்து, முதல் தடுமாற்றம் வந்ததும் ‘??’ போட்டு ஒரு கேள்வி எழுதுங்கள். பழையதில் தேவைப்படும் வரி, தேவைப்படும் அன்று, தானே இங்கே வந்து சேரும்.