சியேனாவில் ஐந்து நாள், போஜ்ஜிபோன்சியில் ஒரு மணி நேரம்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆறாது. இத்தாலியில் பஸ் அட்டவணையில் 'ஃபெரியாலே' என்று போட்டிருந்தால் அது விடுமுறை நாள் இல்லை. திங்கள் முதல் சனி வரை உள்ள வேலை நாள். ஞாயிறுக்கும் பண்டிகை நாளுக்கும் 'ஃபெஸ்திவோ' என்று தனியாகப் போட்டிருப்பார்கள். இந்த ஒரு வார்த்தை தெரியாததால் எனக்கும் அக்காவுக்கும் 45 யூரோ போனது. நம் ஊர்க் காசில் நாலாயிரத்துக்கு மேல்!

சரி, வரிசையாக வருகிறேன்.

செப்டம்பர் கடைசியில் போனோம். ஃபிளாரன்ஸில் ரூம் வாடகையைப் பார்த்துவிட்டு, "அங்கே ஒரு ராத்திரி படுக்கிற காசுக்கு சியேனாவில் ரெண்டு ராத்திரி படுக்கலாம்டி" என்றாள் அக்கா. அப்படித்தான் சியேனாவை வீடாக்கிக்கொண்டோம். ஃபிளாரன்ஸிலிருந்து ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. பஸ்ஸில் போங்கள். 131ஆர் என்பது வேக பஸ், ஒன்றேகால் மணி நேரத்தில் மேலே ஊருக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். ரயில் நிலையமோ மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே இறங்கினால் எதிரே இருக்கும் ஷாப்பிங் மாலுக்குள் நுழைந்து, எஸ்கலேட்டர் மாற்றி எஸ்கலேட்டராக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். டிக்கெட்டை 'டி' என்ற எழுத்து போட்ட புகையிலைக் கடைகளில் முன்னாடியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் நடுவில் பியாத்ஸா தெல் காம்போ. சதுக்கம் என்று சொன்னாலும் சதுரமில்லை, சிப்பி மாதிரி விரிந்து ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும் செங்கல் தரை. வெள்ளைக் கோடுகள் அதை ஒன்பது பாகமாகப் பிரிக்கின்றன. ஒரு காலத்தில் இந்த ஊரை ஆண்ட ஒன்பது பேர் சபையின் நினைவு அது. சாயங்காலம் அந்தச் செங்கல்லில் பகல் வெயிலின் சூடு இன்னும் இருக்கும், ஊரே அதில் கால் நீட்டிப் படுத்திருக்கும். காசு கிடையாது. நாங்கள்தான் புத்தி கெட்டுப்போய், ஓரத்துக் கடை ஒன்றில் நாற்காலியில் உட்கார்ந்தோம். இரண்டு கப்புச்சீனோ, 12 யூரோ! அடுத்த சந்தில் கவுண்டரில் நின்றபடி குடித்தால் அதே கப்புச்சீனோ ஒன்றரை யூரோ. காபிக்கு இல்லை, உட்கார்ந்ததற்குத்தான் காசு. அக்கா அன்றைக்கு ராத்திரி வரை அந்தப் பில்லை மடித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் இதே இடத்தில்தான் பாலியோ குதிரைப் பந்தயம். ஊரில் 17 பேட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம், ஒரு கொடி. பந்தயத்தில் ஓடுவது பத்துதான். சேணம் கிடையாது, மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஓட்டுகிறவன் விழுந்துவிட்டாலும் குதிரை மட்டும் முதலில் வந்தால் போதும், அந்தப் பேட்டை ஜெயித்தது. நாங்கள் போனபோது பந்தயம் இல்லை. ஆனால் சந்துக்குச் சந்து சுவரில் சின்னங்கள்: நத்தை, வாத்து, முள்ளம்பன்றி, கம்பளிப்புழு. சலிகோத்தோ தெருவில் திரும்பினால், முதுகில் கோபுரம் சுமந்த யானை! அக்கா அதன் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் மட்டும் முப்பது இருக்கும். கும்பகோணத்துக்காரிக்கு யானையைக் கண்டால் அவ்வளவுதான்.

பேராலயத்துக்குக் கட்டாயம் போங்கள், அதுவும் தரை திறந்திருக்கும் மாதங்களில். பளிங்கை வெட்டி இழைத்து 56 சித்திரங்களைத் தரையாகவே போட்டிருக்கிறார்கள். வருஷத்தில் பாதிக்கு மேல் அவற்றில் பெரும்பகுதியை மூடித்தான் வைக்கிறார்கள். கூடம் பெரிதாக வேண்டும் என்று 1339-இல் விரிவாக்க ஆரம்பித்தார்களாம், 1348-இல் கொள்ளைநோய் வந்து ஊரைத் தின்றுவிட்டது. கட்டிய மட்டும் ஒரு ராட்சதச் சுவர் இன்னும் மொட்டையாக நிற்கிறது. அதன் உச்சிக்கு ஏறலாம். ஒரு தடவைக்குக் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள், வரிசை நகரவே நகராது. முட்டி வலி என்று முனகிக்கொண்டே வந்த அக்காதான் முதலில் ஏறினாள்.

சாப்பாட்டை இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. பீச்சி! மாவும் தண்ணீரும் பிசைந்து, பலகையில் கையாலேயே உருட்டி உருட்டி நீட்டுகிற பாஸ்தா. கைமுறுக்கு மாதிரிதான், ஒன்று தடி, ஒன்று ஒல்லி, ஒரே அளவில் இரண்டு இருக்காது. சைவம் என்பதால் அக்காவுக்கு 'அல்யோனே' கேட்டோம். அது சியேனாவுக்குத் தென்கிழக்கே கியானா பள்ளத்தாக்கில் விளைகிற பெரிய பூண்டு, காரம் கம்மி. தக்காளியோடு அதைக் கரைய வேகவிட்டு, பீச்சியில் புரட்டித் தருகிறார்கள். தட்டு வந்ததும் முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம பூண்டுத் தொக்கு" என்றாள். அப்புறம் பேச்சே இல்லை. மறுநாளும் அதே கடை, அதே மேஜை. தட்டு 11 யூரோ, ஆளுக்கு 2 யூரோ 'கொப்பெர்தோ', அதாவது மேஜைக்கூலி. ரொட்டியில் மட்டும் உப்பு இருக்காது, சியேனா இருக்கும் தொஸ்கானா மாநிலத்தின் வழக்கம் அது. பையில் உப்புப் பொட்டலம் வைத்திருந்த அக்காவை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. சான் ஜிமிஞ்யானோ போனோம். ஒரு காலத்தில் எழுபதுக்கு மேல் கோபுரங்கள் இருந்த ஊர், இப்போது 14 மிச்சம். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு மாடி கட்டினால் நான் இரண்டு கட்டுவேன் என்று பணக்காரக் குடும்பங்கள் போட்ட சண்டையின் அடையாளம். ஊர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பத்திலிருந்து நான்கு வரை டூரிஸ்ட் கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. குங்குமப்பூ ஐஸ்கிரீம் நன்றாக இருந்தது. அது அந்த ஊரில் விளைகிற குங்குமப்பூவாம்.

காலையில் இறங்கியதுமே திரும்பி வரும் பஸ் நேரத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். முந்தின நாள் சியேனாவில் ஒரு கடை வாசலில் 'ஃபெரியே'வுக்காகக் கடை மூடியிருக்கிறது என்று ஒட்டியிருந்தார்கள். போனில் மொழிபெயர்த்தால் 'விடுமுறை' என்று வந்தது. சரி, ஃபெரியாலே என்றால் விடுமுறை நாள் பஸ் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். ஐந்தரைக்குக் கோட்டை வாசலில் போய் நின்றோம். ஆறேகால் ஆயிற்று, பஸ் இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்து, ஆள்காட்டி விரலை இப்படியும் அப்படியும் ஆட்டி, "ஓஜ்ஜி ஃபெஸ்திவோ" என்றார், அதாவது இன்றைக்கு ஃபெஸ்திவோ. அட்டவணையில் அந்தப் பத்திக்கு விரலைக் கொண்டுபோனார். அதில் நாலே நாலு நேரம், கடைசியும் போயிருந்தது.

டாக்சிக்காரர் சியேனாவுக்கு 120 யூரோ கேட்டார். மீட்டர் போடச் சொன்னால் சிரித்தார். அப்போதுதான் அக்கா, "பக்கத்திலே ரயில் போகிற ஊர் ஏதும் இல்லையா?" என்றாள். இருக்கிறது, போஜ்ஜிபோன்சி. பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்கு 50 என்று ஆரம்பித்து 45-இல் நின்றார், அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

"பஜ்ஜி போண்டாவுக்கு ரெண்டு டிக்கெட்" என்று அக்கா பின்சீட்டில் முணுமுணுத்தாள். எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

போஜ்ஜிபோன்சி நிலையத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சியேனாவுக்கு ரயில் அரை மணிப் பயணம், டிக்கெட் ஆளுக்கு நாலு யூரோகூட ஆகவில்லை. பேப்பர் டிக்கெட் என்றால் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன மெஷினில் சொருகி முத்திரை குத்திவிட்டு ஏறுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஹேண்ட்பேக்கைத் துழாவினால், காலையில் வாங்கி வைத்திருந்த ரிச்சியரெல்லி, அதாவது பாதாம் பிஸ்கட், நாலு நொறுங்கிக் கிடந்தன. அக்கா பொடியைக்கூட விடவில்லை. பிளாட்பாரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "இதுல இன்னைக்கு எந்தப் பத்திடி?"